காசு கொடுத்துக் கேட்கப் போகிற இடத்தில் காதை ஏன் அடைக்க வேண்டும்

மூவாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒருவன் சத்தத்தைக் குறைக்கிற இயர்பிளக்கைக் காதில் செருகிக்கொள்வதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேள்வி வரத்தான் செய்யும். என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கோவை கொடிசியா மைதானத்தில் ஒருவர், "ஏனுங்க, சத்தம் ஒத்துக்காதுன்னா வீட்டுலயே யூடியூப்ல பாத்திருக்கலாமல்லங்க?" என்று அக்கறையாகவே கேட்டார். சத்தம் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். கிக் டிரம் நெஞ்சில் வந்து அடிக்கிற அந்த உணர்ச்சிக்காகத்தான் ராத்திரி பஸ் ஏறி சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் வரைக்கும் போகிறேன். அறுபது வயதிலும் அப்படிப் போக வேண்டும், போனால் பாட்டு பாட்டாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் இரைச்சலுக்கு நடுவே இரண்டு வரியில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாங்கள். வீதிக்கு வீதி விசைத்தறி ஓடுகிற ஊர். அப்பா மீசை முளைக்கிற வயதில் தறிக்குடோனுக்குள் போனவர், முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டினார். தறிச் சத்தம் கேட்டிராதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா ஒரு பெட்டியிலிருந்து அடிபட்டுக் கிளம்பிப் பாவு என்கிற நீள இழைகளுக்குள் ஓடி எதிர்ப் பெட்டியில் போய் மோதும், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒரு தறியில். அப்படி இருபது முப்பது தறி ஒரே ஓட்டுக் கூரைக்கு அடியில் ஓடும். சத்தம் 90 டெசிபலைத் தாண்டி 100ஐ ஒட்டி நிற்கும். உள்ளே யாரும் பேச மாட்டார்கள், வாயசைவும் கைச்சைகையும்தான். காதுக்கு என்று யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் கழிவுப் பஞ்சைக் கிள்ளி உருட்டி வைத்துக்கொள்வார்கள். பஞ்சு பேருக்குத்தான், அது நிறுத்துகிற சத்தம் மிகக் குறைவு.

அப்பாவுக்குக் காது கேட்காமல் போகவில்லை, இதைத்தான் பலரும் புரிந்துகொள்வதில்லை. லாரி ஹாரன் கேட்கும், கதவைச் சாத்துவது கேட்கும், கோயில் மேளம் கேட்கும். வார்த்தைதான் கேட்காது. "சத்தம் கேக்குது சாமி, என்ன சொல்றீங்கன்னுதான் புரிய மாட்டேங்குது" என்பார். நாம் பேசுகிற உயிரொலிகள் எல்லாம் கீழ் அலைவரிசையில் கனமாக வரும். சகரம், டகரம், தகரம், பகரம் எல்லாம் மேல் அலைவரிசையில் மெலிசாக வந்து போகிறவை. அந்த மெலிசுதான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பக்கம், பட்டம், பத்தும் எல்லாம் அப்பாவுக்கு ஒன்றுபோலவே விழும். அக்கா மகள் சின்னக் குரலில் "அப்புச்சி" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விடும். எண்பதுகளின் பாட்டு என்றால் உயிரை விடுகிறவர், இப்போது ரேடியோவைத் தானாகவே போடுவதில்லை. புல்லாங்குழல் மேலே ஏறுகிற இடத்தில் பாட்டே காணாமல் போய்விடுகிறது என்று ஒரு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எடுத்த ஆடியோகிராமை, அதாவது எந்த அலைவரிசை எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற காகிதத்தை, இன்னும் வைத்திருக்கிறேன். கீழ் அலைவரிசையில் ஓரளவு நேராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சட்டென்று இறங்கி, 8000இல் கொஞ்சம் ஏறியிருந்தது. அங்கே காதைப் பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மா அதைப் பார்த்ததுமே, "ஐயா என்ன வேலை பார்த்தாருங்க, தறியா?" என்றார். 3000க்கும் 6000க்கும் நடுவில் விழுகிற அந்தப் பள்ளம்தான் இரைச்சல் கெடுத்த காதுக்கு அடையாளம். வெளிக்காதுக் குழாயின் நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் இயற்கையாகவே பெருகி உள்ளே போகின்றன, அதனால் அடியும் அதற்குச் சற்று மேலேதான் முதலில் விழுகிறது. அது எங்கிருந்து வந்த இரைச்சல் என்று காதுக்குத் தெரியாது. தறியாக இருந்தாலும் ஒன்றுதான், கச்சேரி மேடையில் வரிசையாகத் தொங்குகிற லைன் அரே ஸ்பீக்கராக இருந்தாலும் ஒன்றுதான்.

உள்காதில் நத்தை ஓடு வடிவத்தில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலி அலை வந்தால் இவை அசைந்துதான் நரம்புக்குச் செய்தி போகிறது. அளவுக்கு மீறி அடித்தால் முதலில் சோர்ந்து போகும், தொடர்ந்து அடித்தால் செத்துப் போகும். கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் செத்த மயிர்ச் செல் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. தறியில் பாவு இழை அறுந்தால் நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிவிடலாம். இந்த இழை அறுந்தால் முடிச்சுக்கே இடமில்லை. அறுவைச் சிகிச்சையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. காது மிஷின் இருக்கிறது, அப்பாவும் போட்டிருக்கிறார், உதவுகிறது. ஆனால் மிஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், செத்த செல் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்து தராது.

சரி, கச்சேரிக்கு வருவோம். அமெரிக்காவில் தொழிலாளர் நலனுக்காக ஆராய்ச்சி செய்கிற நியோஷ் என்ற அரசு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடப் பயனான கணக்கு வேறு கிடைக்கவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். பெரிய மைதான நிகழ்ச்சியில் மேடைக்கு முன்னால் 100ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது பாடகர் மேடைக்கு வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி மூன்றாவது பாட்டை முடிக்கும்போது அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது, அப்புறம் இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 15 டெசிபல் குறைக்கிற ஒரு இயர்பிளக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டால் 100 என்பது 85 ஆகிறது, 15 நிமிடம் என்பது 8 மணி நேரம் ஆகிறது. முப்பத்திரண்டு மடங்கு. கையளவு டப்பாவில் அடங்குகிற ஒரு பொருள் இதைச் செய்கிறது என்றால் அதைப் போடாமல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

"அடுத்த நாள் காலையில சரியாயிடும்" என்று சொல்வார்கள். கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் காதுக்குள் கொய்ங் என்று இருக்கும், எல்லோரும் தூரத்தில் நின்று பேசுவது போல் இருக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும். போய்விடுவது உண்மைதான். ஆனால் 2009இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை அப்படி ஒரு சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிர்ச் செல்களும் முழுசாக இருந்தன. ஆனால் அந்தச் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள இணைப்புகளில், மேல் அலைவரிசைப் பகுதியில், பாதி வரைக்கும் நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அமைதியான அறையில் எடுக்கிற பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தும் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது புரியவில்லை என்று சொல்கிற ஆட்களை நினைத்துப் பார்த்தால் எனக்கு இந்த எலிகள் ஞாபகம் வரும்.

நான் முதலில் வாங்கியது ஈரோட்டில் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் விற்கிற சேஃப்டி கடையில் கிடைத்த ஆரஞ்சு நிற நுரைப் பிளக். ஜோடி பத்து இருபது ரூபாய்தான். பாதுகாப்பு என்று பார்த்தால் அதற்கு மேல் ஒன்றும் தேவையே இல்லை, ஒழுங்காகப் போட்டால் விலை கூடியதைவிட அதிகமாகவே தடுக்கும். குறை என்னவென்றால் அது மேல் அலைவரிசையை நிறையவும் கீழ் அலைவரிசையைக் குறைவாகவும் தடுக்கிறது. பேஸ் முழுசாக வந்தது, சிம்பல் காணோம், வயலின் பாதிதான், பாட்டுக்கு நடுவில் பாடகி பேசியதில் ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. மக்கள் ஒரு தடவை போட்டுப் பார்த்து "இது ஆகாது" என்று கழற்றி எறிவது இதனால்தான்.

அப்புறம்தான் இசைக்கென்றே செய்த ஃபில்டர் பிளக்குக்கு மாறினேன். இதில் ஒரு சின்ன குழாயும் மெல்லிய சவ்வும் இருக்கும். காதை அடைத்தால் காதுக் குழாய்க்கு இயற்கையாக உள்ள அந்தப் பெருக்கம் கெட்டுப்போகிறது அல்லவா, அதை ஈடுகட்டும் விதமாக இந்த அமைப்பைச் செய்திருப்பார்கள். அதனால் எல்லா அலைவரிசையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைகிறது, பாட்டு பாட்டாகவே இருக்கிறது, சத்தம்தான் இறங்குகிறது. அமெரிக்காவின் எடிமோட்டிக் நிறுவனம் 1988இல் இசைக் கலைஞர்களுக்காக இந்த வகையைக் கொண்டுவந்தது. இன்று அல்பைன், லூப் என்று பல பெயர்களில் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். காதுக்கு அச்செடுத்துச் செய்து தருகிற வகையும் உண்டு. அதை ஆடியாலஜிஸ்டிடம் போய்த்தான் செய்ய வேண்டும், விலை பல மடங்கு. வாரம் தவறாமல் மேடையேறுகிறவர்களுக்கு அது பொருந்தும், பார்க்கப் போகிற நமக்கு அவ்வளவு தேவையில்லை.

ஃபில்டர் பிளக் போட்டு முதல் தடவை ஒரு முழுக் கச்சேரி கேட்டபோது நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பாட்டின் வரிகள் முன்னைவிடத் தெளிவாக விழுந்தன. கோரஸ் பாடிய பெண்களின் குரல் தனியாகப் பிரிந்து கேட்டது. இது மனப்பிரமை இல்லை, இதற்குக் காரணம் உண்டு. சத்தம் அளவுக்கு மீறும்போது உள்காதில் பேஸின் அதிர்வு மேல் அலைவரிசைக்குரிய இடத்தையும் சேர்த்து ஆக்கிரமித்துக்கொண்டு மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. மொத்தச் சத்தத்தையும் ஒரே அளவில் இறக்கினால் மறைந்திருந்தது வெளியே வருகிறது. நெஞ்சில் அடிக்கிற பேஸ் அப்படியேதான் இருக்கும், அது உடம்பு வழியாக வருவது, பிளக் அதைத் தொடாது. இதனால்தான் இயர்பிளக் போடச் சொல்வதை நான் ஒரு தியாகமாகச் சொல்வதில்லை. கச்சேரியை நன்றாகக் கேட்க வேண்டும் என்றாலும் போட வேண்டியதுதான்.

போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது, இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நுரைப் பிளக் என்றால் கையைக் கழுவிவிட்டு விரல்களுக்கு நடுவில் வைத்துச் சுருக்கம் விழாமல் ஒல்லிக் குச்சியாக உருட்ட வேண்டும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வளைந்திருக்கிற குழாய் நேராகும். உள்ளே நுழைத்து விரலால் அழுத்தி முப்பது விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குள் நுரை விரிந்து குழாயை நிரப்பிவிடும். நேராக முன்னால் இருந்து ஒருவர் பார்த்தால் பிளக் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. தெரிந்தால் பாதிதான் உள்ளே போயிருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். சிலிக்கான் ஃபில்டர் பிளக்கை உருட்டக் கூடாது, மடலை அதேபோல் இழுத்துப் பிடித்து மெதுவாகத் திருகினாற்போல் உள்ளே விட வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று அளவு நுனிகள் கூடவே வரும். என் இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவில்லை, வலதுக்குச் சின்னது, இடதுக்கு நடுத்தரம். இது பலருக்கும் உள்ளதுதான், வீட்டில் நிதானமாகப் போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுவது. உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் கனமாகக் கேட்டால் அடைப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் மற்றப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் சத்தம் பெரிய அளவில் இறங்கினால் பிளக் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பிளக் எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைக் காட்ட, டப்பாவில் என்ஆர்ஆர் 29, 33 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூடத்தில் கைதேர்ந்தவர்கள் போட்டு அளந்த எண். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையில் பயன்படுத்துகிற எச்சரிக்கையான கணக்கு ஒன்று உண்டு: அந்த எண்ணில் 7ஐக் கழித்து வருவதைப் பாதியாக்க வேண்டும். 29 என்றால் 11 டெசிபல். கேட்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் 11 டெசிபல் என்பதே நேரத்தைப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் நீட்டித் தருகிறது. மேலே சொன்னபடி ஆழமாகவும் பொறுமையாகவும் போடுகிறவருக்கு இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

இன்னொன்று, நடுவில் கழற்றக் கூடாது. "பிடிச்ச பாட்டு வந்தா மட்டும் கழற்றிக்கிறேன்" என்பார்கள் நண்பர்கள். 30 டெசிபல் தடுக்கிற பிளக்கைப் பாதி நேரம் கழற்றி வைத்தால் மொத்தத்தில் கிடைப்பது 3 டெசிபல் பாதுகாப்புதான். கணக்கு அப்படித்தான் வரும், ஏனென்றால் திறந்திருந்த நேரத்தில் உள்ளே போனதே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பேசுவதற்காகவும் கழற்ற வேண்டாம். இரைச்சலுக்கு நடுவில் பிளக் போட்டிருந்தால் இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே இறங்குகின்றன, பக்கத்தில் குனிந்து சாதாரணமாகப் பேசினால் புரியும். பக்கத்து ஆளின் காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஸ்பீக்கர் செய்கிற வேலையை அதுவும் செய்யும்.

எங்கே நிற்பது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆனால் பெரிய நிகழ்ச்சிகளில் தொங்குகிற நீளமான ஸ்பீக்கர் வரிசையே பின்னால் நிற்பவருக்கும் சத்தம் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அமைக்கப்படுகிறது, நடுவில் கோபுரம் கட்டி இன்னொரு ஜோடியும் வைப்பார்கள், அதனால் பின்னால் போய்விட்டால் பிழைத்தோம் என்று நினைக்க முடியாது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்பதையும், தரையில் வரிசையாக வைத்த சப்வூஃபர் முன்னால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் தவிருங்கள். எனக்குப் பிடித்த இடம் சவுண்ட் மிக்ஸிங் செய்கிறவர் உட்கார்ந்திருக்கிற மேடைக்குப் பக்கம். அவர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அதனால் மைதானத்திலேயே பாட்டு ஒழுங்காகக் கேட்கிற இடம் அதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. மைதானக் கச்சேரியைவிட எனக்குப் பயமாக இருப்பது கல்யாண மண்டபத்து ரிசப்ஷன் ஆர்கெஸ்ட்ரா. மூடின மண்டபம், டைல்ஸ் சுவர், கான்கிரீட் கூரை, போகிற சத்தம் போகிற வழியில்லாமல் திரும்பத் திரும்ப வந்து மோதும். மைதானத்துக்கு அளவான பாக்ஸை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். முன் வரிசையில் பெரியவர்களை உட்கார வைப்பார்கள், மடியில் கைக்குழந்தைகள். மொய் எழுதுகிறவரிடம் பேர் சொல்லவே நான்கு தடவை கத்த வேண்டும். யாரும் அங்கே பாட்டுக் கேட்க வரவில்லை, ஒருவரோடு ஒருவர் பேச வந்திருக்கிறார்கள். கல்யாணம் உங்கள் வீட்டுடையது என்றால் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சத்தத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள், சாப்பாட்டுப் பந்தி பக்கம் பாக்ஸ் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாங்கள் அக்கா கல்யாணத்தில் அப்படிச் சொல்லித்தான் வைத்தோம், அவர்களும் சங்கடப்படாமல் ஒத்துக்கொண்டார்கள்.

குழந்தைகளைக் கச்சேரிக்குத் தோளில் தூக்கி வருகிறவர்களிடம் நான் வலியப் போய்ப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று. சின்னக் குழந்தையின் காதுக்கு நுரைப் பிளக் பொருந்தாது, கழற்றி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு. அவர்களுக்குத் தலையில் மாட்டுகிற காதுமூடிதான் சரி, குழந்தைகள் அளவிலேயே விற்கிறது. அது இல்லை என்றால் கூட்டத்துக்குப் பின்னால், ஸ்பீக்கர் பார்க்காத பக்கமாகப் போய் நில்லுங்கள்.

என் அத்தை மகன் ஜமாப் மேளச் செட்டில் அடிக்கிறவன். மாரியம்மன் நோம்பி காலத்தில் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊர் என்று விடிய விடிய வேலை இருக்கும். பம்பையும் உருமியும் ஒரு முழத் தூரத்தில், அதற்குப் பின்னால் வண்டியில் கட்டின பாக்ஸ். நோம்பி முடிந்தால் காதில் கொய்ங் என்ற சத்தம் நிற்க நாட்கணக்கு ஆகும் என்பான். பிளக்கைக் கொடுத்தபோது, "மச்சான், காதை அடைச்சுட்டா எப்பிடி அடிக்கறது, பக்கத்தாளு அடி கேக்க வேண்டாமா?" என்றான். நியாயமான கேள்வி. அடிக்கிறவருக்கு 25 டெசிபல் தடுக்கிற நுரை ஆகாது. 10 அல்லது 15 தடுக்கிற ஃபில்டர் வகைதான் வேண்டும். அதையும் நேராக நோம்பியில் போடாமல் சாயங்காலப் பழக்கத்தில் சில வாரம் போட்டுப் பழக வேண்டும். முதலில் கை தானாகவே ஓங்கி அடிக்கும், போகப் போக அளவு பிடிபட்டுவிடும். அவனைச் சம்மதிக்க வைத்தது என் பேச்சு இல்லை. ஒரு நாள் அப்பாவே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "மாப்ள, நாங்க பஞ்சு வெச்சோம், அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்குது, போட்டுக்க" என்றார். இப்போது போட்டுக்கொண்டுதான் அடிக்கிறான்.

பேர்பெற்றவர்களும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்து போன கோல்ட்ப்ளே இசைக்குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின், தனக்குக் காதிரைச்சல் இருக்கிறது என்று பல வருஷம் முன்பே சொன்னவர். 2024 ஜூனில் பாடகி அல்கா யாக்னிக் தனக்கு ஏற்பட்ட கேட்புக் குறைவைப் பற்றி அறிவித்தார். அவருக்கு வந்தது வைரஸ் தாக்குதலால், சத்தத்தால் அல்ல என்று மருத்துவர்கள் கண்டறிந்ததாகவே சொன்னார். ஆனாலும் அதே அறிவிப்பில் ரசிகர்களையும் சக கலைஞர்களையும் அதிகச் சத்தத்திலிருந்தும் ஹெட்போனிலிருந்தும் கவனமாக இருக்கச் சொன்னார்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன, திருவிழா மாதிரி விசேஷங்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு அனுமதிக்கலாம். சத்தத்தை அளப்பது இடத்தின் எல்லையில். சுற்றிக் குடியிருப்பவர்களுக்காக வந்த விதி, அது வேண்டியதுதான். ஆனால் உள்ளே நிற்கிறவனின் காது அந்தக் கணக்கில் வரவில்லை. தறியில் வேலை பார்த்தவருக்காவது, இரைச்சலால் வருகிற கேட்புக் குறைவு தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் தொழில் நோயாக இருக்கிறது. ரசிகனுக்கு அதுவும் இல்லை. பிரான்சில் 2017இல் வந்த ஆணைப்படி 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 93க்கு மேல் போகிற நிகழ்ச்சி என்றால் நடத்துகிறவர்கள் இலவசமாக இயர்பிளக் கொடுத்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச் 3ஆம் தேதி, உலகக் கேட்டல் நாளில், நிகழ்ச்சி இடங்களுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலுக்குள், அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒன்று, வருகிறவர்களுக்கு இயர்பிளக். இங்கே தண்ணீர் பாட்டில் விற்கிற விலையில் ஒரு ஜோடி நுரைப் பிளக்கை வாசலிலேயே கொடுத்துவிடலாம். டிக்கெட் விற்ற பிறகு கருத்துக் கேட்டு மெயில் வருகிறதே, அதில் ஒவ்வொரு தடவையும் இதை எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் நல்லது.

சத்தத்தை அளந்து பார்க்க ஆசை இருந்தால் ஐபோனில் நியோஷ் நிறுவனமே வெளியிட்ட இலவசச் செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் உள்ளவற்றைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள், போனுக்குப் போன் மைக் மாறும். செயலி இல்லாவிட்டாலும் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால் அது 85க்கு மேல்தான்.

வாங்கியதைப் பராமரிப்பதும் லேசுதான். நுரைப் பிளக் அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், கழுவினால் விரியும் தன்மை போய்விடும். சிலிக்கான் நுனியை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம், ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது. காதில் சீழ், வலி, ஏற்கெனவே ஓட்டை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செருக வேண்டாம். நான் டப்பாவை பைக் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன், பையில் எப்போதும் சில ஜோடி நுரைப் பிளக் கூடுதலாக இருக்கும், கூட வருகிறவர்களுக்கும் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் தாமதிக்கக் கூடாது. கச்சேரி முடிந்து கொய்ங் சத்தம் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அதற்கு அப்புறம் ஹெட்போன், டிஜே எதுவும் வேண்டாம், ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அது கச்சேரிக்கு அப்புறமாக இருந்தாலும் சும்மா தூங்கி எழுந்தபோது நடந்தாலும், அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே இஎன்டி மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை இருக்கிறது, முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு. காது நன்றாக இருக்கிறவர்களும் ஒரு தடவை ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலி புகாத அறையில் உட்கார்ந்து சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அரை மணி நேர வேலை. பிற்பாடு சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும். அத்தை மகனும் அவன் செட்டு ஆட்களும் இந்த மாசிக்கு முன்னாலேயே போய் எடுத்துவிட்டார்கள்.